குசினிக்காரர் தொம்மையின் கல்

சேசு மரி சூசை துணை

பினாங்கு
1928 நவம்பர் 5

அன்புள்ள மகன் ராயப்பனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம், அங்கே ரங்கூனில் நீயும் மரக்கம்பெனியில் கணக்கு எழுதும் உன் கிராணி உத்தியோகமும் அப்படியே சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். உன் அக்டோபர் மாதக் கடிதம் வந்து சேர்ந்தது, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தைப்பிங் ரயில்வே கிராணி சின்னையா தம் மகள் மதலேனை உனக்குக் கொடுக்க நினைக்கிறார், கல்லறைத் திருநாளுக்குப் பினாங்கு வந்து நம்மைப் பார்ப்பார் என்ற இடம் வருவதற்குள் அவள் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த வரியை நான் படிக்கவில்லை, இருமல் வந்ததாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். "தாத்தா ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தார் என்று ரங்கூனில் இருக்கும் சின்னையாவின் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், ஆகையால் தாத்தா கல்லில் குசினிக்காரர் என்பதை எடுத்துவிட்டு டிரஸ்ஸர் என்று எழுதிவிடுங்கள், உங்களுக்கு ஒரு நிமிட வேலைதானே" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

ஒரு நிமிட வேலைதான் ராசா. அதை மறுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் உனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அத்தனை தைரியமாகக் கேட்டிருக்கிறாய். நம் ஆட்கள் கல்லறையில் வெட்டெழுத்து கிடையாது, வெள்ளையடித்த கல்லில் கறுப்புச் சாயத்தால் பேர், அதன் கீழே தொழில், அதன் கீழே தேதி. ஒரே தோட்டத்தில் ஏழு அந்தோணிமுத்து படுத்திருக்கும்போது தொழில் எழுதாவிட்டால் எவன் எந்த அந்தோணிமுத்துவுக்கு மெழுகுவத்தி வைப்பது. இந்த ஊர் மழை வருடம் முடிவதற்குள் எழுத்தைக் கழுவிவிடும், அக்டோபர் பிறந்ததும் நான் கடைகளுக்குப் போர்டு எழுதும் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தூரிகையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி எழுதுவேன். அப்படி எழுதும் நேரத்தில் குடும்பத்துக்காரர்கள் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் மனுஷன் என்ன செய்வான். கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கிய மிக்கேலின் சம்சாரம் செசிலியம்மாள் ஒரு வருடம் சேவலும் கையுமாக வந்து, "அண்ணே, கூலின்னு போடாதீங்கலா, பாக்க ஒரு மாதிரியா இருக்கு, கங்காணின்னு போட்டுடுங்க" என்றாள். போட்டேன். அடுத்த சேவலுக்குக் கங்காணிக்கும் மேலான மண்டோர் ஆனார், அதற்கடுத்த சேவலுக்குக் கப்பல் ஏஜெண்டு. உயிரோடு இருந்தவரை முதுகு நிமிராத மனுஷன் செத்த பிறகு வருடத்துக்கு ஒரு படி ஏறினார். இவரைப் பார்த்து மற்றவர்களும் ஏற ஆரம்பித்தார்கள். தோட்டி சுகாதார மேஸ்திரி ஆனார், பியூன் பெரிய கிராணி ஆனார். சாயம் வாங்கப் போனால் சூலியா தெரு ஷேக் அலாவுதீன், "எங்க மையத்துக்கெல்லாம் தலைமாட்டுல ஒரு மீசான் கல்லோட சரி அண்ணே, உத்தியோகமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க ஆளுங்க மட்டும் மண்ணுக்குள்ள போயும் பிரமோஷன் வாங்கறாங்களே" என்று கேலி செய்வார். சேவல் தின்ற வாய், சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன்.

இந்தச் சிரிப்புக்கு இந்த வருடம் முடிவு வந்தது. நம் கோயிலுக்குப் பிரெஞ்சு தேசத்துச் சாமியார் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறவர். அக்டோபர் முதல் வாரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் உலாவியவர் ஆரோக்கியத்தின் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஆரோக்கியம் குதிரை வண்டி ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும், இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பேரன்மார் வந்து கெஞ்சி டிராம் இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். சாமியார் என்னைக் கூப்பிட்டு, "சந்தியாகு, இவர் ஆயிரத்தெண்ணூற்று எழுபத்தாறில் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர். அப்பொழுது இவ்வூரில் டிராம் வண்டி ஓடியதோ" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் தூரிகையைத் துடைத்தேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் கோயிலின் மரணப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கல் கல்லாக ஒத்துப் பார்த்தார். புத்தகத்தில் உள்ள தொழில்தான் கல்லிலும் இருக்க வேண்டும், பொய் எழுதிய கல்லைத் திருநாளன்று தீர்த்தம் தெளித்து மந்திரிக்க மாட்டேன், ஏற்றிவிட்ட கையே இறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே மாதத்தில் பதினெட்டுப் பேரைப் பதவியிலிருந்து இறக்கினேன் மகனே. எந்தக் கவர்னரும் செய்திருக்க மாட்டான். பியூன் வீட்டார் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்கள், செசிலியம்மாள் மூன்று சேவலையும் திருப்பிக் கேட்கிறாள்.

உன் கடிதம் வந்தது இந்த அமளிக்கு நடுவில். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதிதான், நெஞ்சு சுட்டது என்பதுதான் நிஜம். என் அப்பா ஆஸ்பத்திரிக் குசினியில் நாற்பது வருடம் கஞ்சி காய்ச்சியவர், வாந்திபேதி வந்த வருடம் மற்ற வேலைக்காரர்கள் ஓடிப்போனபோது நோயாளிகளின் கட்டிலுக்குக் கட்டில் தானே தூக்கிப்போய் ஊட்டியவர். உன்னையும் என்னையும் ஆளாக்கியது அந்தக் கரண்டிதான். மற்றவர்களுடைய அப்பன்மாரை மாற்றி எழுதியபோது எனக்கு விளையாட்டாக இருந்தது, என் அப்பாவை மாற்றச் சொல்லி என் பிள்ளையே கேட்டபோதுதான் உறைத்தது. அம்மாவிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன், அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடிதம் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஊரில் இருக்கிற பொய்யையெல்லாம் சேவலுக்கு எழுதினீர்களே, பெற்ற பிள்ளைக்கு ஒரு பொய் எழுத உங்களுக்குக் கை வலிக்கிறதா என்று கேட்டாள், இரண்டு நாள் சர்க்கரை இல்லாத கோப்பி கொடுத்தாள். பிறகு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். சாமியார் தாத்தா கல்லை மந்திரித்து முடித்து அடுத்த வரிசைக்குப் போனதும் நான் டிரஸ்ஸர் என்று எழுதிவிட வேண்டுமாம், சின்னையா வந்து பார்த்துவிட்டுப் போவாராம், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளுமாம். உனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று இனிமேல் நான் யோசிக்க வேண்டியதில்லை.

திருநாள் வெள்ளிக்கிழமை வந்தது. பூசைக்கே சின்னையா வந்துவிட்டார், கறுப்புக் கோட்டு, குடை, அதிகம் பேசாத மனுஷன். பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், நான் சாய டப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சாமியார் அப்பா கல்லுக்குத் தீர்த்தம் தெளித்து அடுத்த வரிசைக்குப் போனார். அம்மா சின்னையாவை உன் அத்தை கல்லறைக்கு முன்னால் நிறுத்தி வைத்து, அவள் செத்த கதையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டேன், தூரிகையை நனைத்தேன், குசினிக்காரர் என்ற எழுத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீ என்னைக் கோழை என்று நினைத்தாலும் சரி, என் அப்பாவை நான் இன்னொரு தடவை சாகடிக்க மாட்டேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன், பின்னால் குடை நிழல் விழுந்தது. அத்தை கதை எனக்கு உதவும் அளவுக்கு நீளவில்லை போலிருக்கிறது. சம்பந்தம் பேசும் வீட்டுப் பெரியவருக்கு மெழுகுவத்தி வைக்காமல் எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டே வந்த சின்னையா கல்லைப் படித்தார், என் கையில் இருந்த தூரிகையையும் பார்த்தார். "டிரஸ்ஸருன்னுல்ல என் தம்பி எழுதியிருந்தான்" என்றார். அம்மா என் முதுகில் கிள்ளினாள். நான் எழுந்து, "இல்லீங்க, குசினிக்காரருதான். ஆஸ்பத்திரியில கஞ்சி காச்சுனவரு. என் மகன் சொன்னது பொய், அதை எழுதத்தான் இந்தச் சாயத்தைக் கொண்டாந்தேன், கை வரல" என்று சொல்லிவிட்டேன். அவர் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், சம்பந்தம் போனது என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் கூப்பிட்டதற்குச் சாப்பிட வந்தார். வெள்ளிக்கிழமையாகையால் கறி இல்லை, அம்மா பாசாரில் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள், அழுதுகொண்டே வைத்ததாலோ என்னவோ உப்பு தூக்கல். அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை கழுவிவிட்டு வந்து, தைப்பிங்குக்கு வந்து ஒரு கல் எழுதித் தர முடியுமா அண்ணே என்று கேட்டார். சரிதான், இவரும் யாரையோ ஏற்றிவிடக் கேட்கிறார் என்று எனக்குள் சிரிப்பு வந்தது. அப்படி இல்லை. அவருடைய அப்பா தைப்பிங்கில் வீடு வீடாகப் பால் ஊற்றியவராம், இவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த வருடம் வெட்கப்பட்டுக்கொண்டு கல்லில் எஸ்டேட் கிராணி என்று போட்டுவிட்டாராம். "அன்னையிலேருந்து அங்க போயி நின்னா செபம் வர மாட்டேங்குதுண்ணே, யாரோ வேத்து மனுஷன் கல்லறைல நிக்கிற மாதிரி இருக்கு. உங்க ஊர்ல சாயம், மழை அழிச்சிடுது. நான் வெட்டெழுத்தா வெட்டி வச்சிட்டேன்" என்றார். வெட்டிய பள்ளத்தைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டு மேலே பால்காரர் என்று நான் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் போகிறேன்.

இப்போது உன் விஷயம். பெண்ணைக் கொடுக்க அவருக்குச் சம்மதம், அம்மாவின் கோப்பியில் சர்க்கரை திரும்பிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அப்பா சொன்னது போதாது, மாப்பிள்ளை தம் கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும், தாத்தா யார், என்ன வேலை பார்த்தார் என்று அவரே சொல்லட்டும், அந்தக் கடிதம் வந்தால் சம்பந்தம் உறுதி, வராவிட்டால் மீன் குழம்போடு சரி என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். நான் உனக்காக எழுதிப் போடலாம், என் எழுத்து உன் எழுத்தைவிட அழகு, ஆனால் எழுத மாட்டேன். மூக்கால் அழாமல், ஆங்கிலம் கலக்காமல், நாலு வரி எழுது. குளிர்காலம் வருகிறது, மார்புச் சளிக்குத் தைலம் வாங்கி வைத்துக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, சின்னையாவின் தம்பியிடமும் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடு. உன் நெற்றியில் சிலுவை வரைய இங்கிருந்து கை எட்டாது என்பதால் அம்மா இந்தக் காகிதத்திலேயே வரைந்திருக்கிறாள், ஓரத்தில் தெரியும் மஞ்சள் கறை அதுதான், துடைத்துவிடாதே. ஆண்டவர் உன்னையும் அந்தப் பெண்ணையும் காப்பாற்றுவாராக.

மறக்காமல் இதையும் படி. நான் போன பிறகு நீ என்னை என்ன உத்தியோகத்தில் வைப்பாயோ என்று எனக்கு ஒரு பயம் பிடித்துவிட்டது, பிரஸ் மானேஜர் ஆக்கினாலும் ஆக்குவாய். ஆகையால் நேற்றே என் கல்லை வாங்கி, சந்தியாகு, போர்டு எழுதுகிறவன், தொம்மையின் மகன் என்று நானே எழுதி வைத்துவிட்டேன். தேதி வர வேண்டிய இடத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், ராயப்பனின் தகப்பன் என்று எழுத அளவாக இருக்கும். உன் கடிதம் வந்து சேர்ந்தது என்று தைப்பிங்கிலிருந்து சேதி வந்த பிறகு அந்த வரியை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குசினிக்காரர் தொம்மையின் மகன்
சந்தியாகு