வெள்ளைத் துணியின் நீல ஓரம்

மே 12, திங்கள்

கேமராவை விமானத்தில் பிடித்து நிறுத்த நான் செய்த மூன்றாவது தாங்கியும் அதிர்கிறது. ரப்பரை மாற்றினேன், பித்தளை வளையத்தை மாற்றினேன், இனி மாற்ற என்னைத்தான் மாற்ற வேண்டும்.

"உஸ்தா, படம் கோணல்மாணலா வருது. உங்க தாங்கிதான் காரணம்," என்றாள் ரிஹாப். வேலை இடத்தில் நான் உஸ்தா, பட்டறை மேஸ்திரி. வீட்டுக்கு வந்தால்தான் பாபா. பெற்ற மகளே மேலதிகாரியாக வாய்த்தவன் எங்கே போய் முறையிடுவது?

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போய்விட்டது. அவள் வடிவமைத்த கேமரா விமானத்தின் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு தரையின் வெளிச்சத்தை இருநூறுக்கும் மேற்பட்ட நிறங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. எது கல், எது உப்பு, எது வாடின பயிர் என்று மேலிருந்தே சொல்லிவிடும். சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. ஈத் முடிந்ததும் பாஸ்பேட் சுரங்கக்காரர்கள் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால் வெளிநாட்டுக் கேமராவை வாங்கிவிடுவாராம் முதலாளி ஷெத்லி ஐயா. அவளுடைய மூன்று வருஷம் அலமாரிக்குள் போய்விடும்.

தரையில் விரிக்கும் அளவுத்துணிகள் மூன்று: வெள்ளை, சாம்பல், கறுப்பு. எந்தத் துணி எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறோம். கேமராவும் மேலிருந்து அதையே சொன்னால் கேமரா யோக்கியன். அவ்வளவுதான் கேலிப்ரேஷன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நேற்றைய மண்மழையில் வெள்ளைத் துணி முழுக்கச் செம்புள்ளி. போதாததற்கு விமானி ஃபெர்ஜானி அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து டூனா சாண்ட்விச் தின்றிருக்கிறான். கேட்டால், "துணி விரிச்சிருந்தா சாப்பாட்டுக்குத்தானேண்ணே" என்கிறான். ஒரு மூலையும் கிழிந்திருக்கிறது. தைக்க வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மே 18, ஞாயிறு

கம்பளம் துவைக்கும் நாள். எங்கள் தெரு மாடிகள் முழுக்கப் பெண்கள், வாளிகள், நுரை. மதியம் ஏறிப் போனால் என் மனைவி ஸகியாவும் அவள் தங்கையும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பளத்தை விட்டுவிட்டு என் அளவுத்துணியை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ மனுஷா, இவ்வளவு அழுக்கை வீட்டுக்குள்ள கொண்டு வந்து வெச்சிருக்கியே, வெக்கமா இல்லை?"

அலசியதும் தூக்கிப் பார்த்தேன். கண் கூசியது. எண்ணெய்க் கறை இருந்த இடமே தெரியவில்லை. எதிர் மாடி ஹலீமா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. என் வெள்ளைக்கு வராது," என்றாள். ஸகியா இன்னும் ஒரு பிடி சலவைத்தூள் போட்டாள். நானும் தண்ணீர் சுமந்தேன்.

மே 20, செவ்வாய்

பறந்தோம். தாங்கி அதிரவில்லை. அதிரவில்லை!

மே 21, புதன்

சந்தோஷப்பட்டது ஒரு ராத்திரிதான். சாம்பல் துணி சரி, கறுப்பு சரி. வெள்ளையில் மட்டும் நிறவரிசையின் நீல ஓரத்தில் அளவு எகிறுகிறது. திரையில் கோடு நேராக வர வேண்டிய இடத்தில் ஒட்டகத்துக்கு முளைத்த மாதிரி ஒரு திமில்.

தரையிலேயே துணியை அளக்கும் கைக்கருவி ரிப்பேருக்குக் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதனால் போன வருஷத்து அளவை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். "துணி மாறாதே உஸ்தா, அது துணிதானே. வெளிச்சம் அதிகமா விழுந்தா சென்சார் தடுமாறுது," என்றாள் ரிஹாப்.

அப்படியானால் தாங்கி இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன். நல்ல அப்பன்.

மே 24, சனி

விடுமுறை என்று ஒன்று இருந்ததாக ஞாபகம். கேமராவைப் பிரித்தோம். உள்ளே எங்கோ வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதாம், சுவரையெல்லாம் மறுபடி கறுப்படிக்க வேண்டுமாம். அடித்தேன்.

"இது கறுப்பு இல்லை உஸ்தா."

"பின்ன என்ன, பச்சையா?"

"மினுங்குது. மினுங்காத கறுப்பு வேணும்."

மறுபடி அடித்தேன். மூக்கு கறுப்பு, காது கறுப்பு. பேருந்தில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அது ஒன்றுதான் இன்றைய லாபம்.

மே 28, புதன்

அதே திமில். அதே இடம். கறுப்படித்ததற்கு மரியாதைக்காவது கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.

அறைக்குள் விளக்கு முன்னால் வைத்தால் கேமரா தங்கமான பிள்ளை. வெயிலில் பறந்தால்தான் கிறுக்கு. ஷெத்லி ஐயா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நல்லா உழைச்சேம்மா. எல்லா உழைப்பும் பலிக்கணும்னு இல்லையே," என்று காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தால் முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும் வழியில் ரிஹாப், "நான் போட்ட டிசைனே தப்போ, பாபா?" என்றாள். என்னத்தைச் சொல்றது? எனக்கு என்ன தெரியும்? திருகாணி முறுக்கத் தெரியும். வாயைத் திறந்தேன், "சாப்பிட்டியா" என்றுதான் வந்தது. ச்சே.

ஜூன் 2, திங்கள்

பெருநாள் ஆடு மாடிக்கு வந்தாயிற்று. ரிஹாப் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. அவளுக்கும் சேர்த்து ஆடு பேசுகிறது.

ஜூன் 4, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிரித்த லென்ஸைத் திரும்ப ஒட்ட வேண்டியிருந்தது. அந்தப் பசையை உலர்த்த புறஊதா விளக்கு ஒன்று உண்டு. திரைச்சீலையை இறக்கிவிட்டு, லென்ஸ் குழலை நான் பிடித்துக்கொள்ள, அவள் விளக்கைப் போட்டாள்.

"அசையாதீங்க உஸ்தா."

"அசையலையே."

பிறகு, "பாபா," என்றாள். வேலை இடத்தில் பாபா.

"உங்க காலரைப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். காலர், கைமடிப்பு, பித்தான் பட்டை எல்லாம் நீலமாக எரிந்தன. பேய் போட்ட சட்டை மாதிரி.

"இதை யார் துவைச்சது?"

"உங்கம்மாதான். வேற யாரு, ஷெத்லி ஐயாவா?"

"அதே தூள்ல வேற என்ன துவைச்சாங்க?"

"கம்பளம்."

"அப்புறம்?"

"அப்புறம்... வெள்ளைத் துணி."

அவள் போய் வெள்ளைத் துணியின் ஒரு முனையை இழுத்து வந்து விளக்குக்குக் கீழே பிடித்தாள். கடலில் இழுதுமீன் மிதப்பது போல மொத்தமும் ஜொலித்தது.

தூளில் ஒரு மருந்து இருக்கிறதாம். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத பங்கை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்குமாம். அதனால்தான் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. திமில் கேமராவில் இல்லை. துணியில் இருந்தது. இருப்பதைத்தான் கேமரா சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் அதைத் திருத்தத் திருத்தப் பிரித்தோம். அறை விளக்கில் அந்தப் பங்கு வெளிச்சம் கிடையாது, அங்கே நாங்கள் துணியை விரிக்கவும் இல்லை.

"அந்த மருந்து போடாத பருத்தி வேணும்னு மூணு ஊர் அலைஞ்சேன் பாபா. மூணு ஊர்."

"உங்கம்மா ஒரே காலையில..."

"பேசாதீங்க."

அவள் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். தோள் குலுங்கியது சிரிப்பில்தான். கொஞ்சம் அழுகையும் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

முதலில் அந்தத் துணியைத் தைத்தபோது மிஞ்சின துண்டு ஒன்று பட்டறையில் கிடந்தது, துவைக்காதது. விளக்கில் காட்டினால் செத்த துணி மாதிரி கிடக்கிறது. வெள்ளையை ஒதுக்கிவிட்டுச் சாம்பலையும் கறுப்பையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாள். எல்லாம் பொருந்துகிறது.

ஷெத்லி ஐயா, "துணி யார் பொறுப்பு?" என்றார். "என் பொறுப்பு," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூடத் தூக்காத கை. அவர் என் சட்டைக் காலரைப் பார்த்தார். "உங்க வீட்டுல என்ன தூள்?" என்றார்.

ஸகியாவிடம் சொன்னேன்.

"வெள்ளையா இருந்தது தப்பா?"

"தேவைக்கு மேல வெள்ளை."

"தேவைக்கு மேல வெள்ளைன்னு ஒண்ணு உண்டா மனுஷா?" என்று ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஜூன் 18, புதன்

சுரங்கக்காரர்கள் வந்தார்கள். புதுத் துணி விரித்தோம், ஓரத்தில் நான் பெரிதாக 'துவைக்காதே' என்று எழுதியிருந்தேன். ஃபெர்ஜானி நின்றுகொண்டே சாப்பிட்டான். ஷெத்லி ஐயா யாருக்கும் காபி வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான்காவது தாங்கியும் அதிர்கிறது. இது ரிஹாபின் இரண்டாவது கேமராவுக்கு. "உஸ்தா" என்று ஆரம்பித்தாள், ஞாயிற்றுக்கிழமை என்று ஞாபகப்படுத்தினேன்.

வருஷத்துக்கு வேண்டிய குஸ்குஸுக்காக மாடியில் பெண்கள் கோதுமை ரவையை உருட்டிச் சலிக்கிறார்கள். மேலே நிழலுக்குக் கட்டியிருப்பது என் பழைய வெள்ளைத் துணி. வேலைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டதை ஸகியா இன்னும் இரண்டு தடவை துவைத்துவிட்டாள்.

சுரங்கத்திலிருந்து திரும்பும்போது கேமராவை அணைக்காமலே எங்கள் ஊர் ரதேஸ் மேல் பறந்தார்களாம். ரிஹாப் கணினியைக் கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். எங்கள் தெரு, மாடிகள், நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அதைத் தொட்டாள். கோடு விரிந்தது. நீல ஓரத்தில் அதே திமில்.

மாவுக் கையோடு ஸகியா குனிந்து பார்த்தாள். "என்னடி அது?"

"நீ துவைச்சதும்மா. மேலேயிருந்து தெரியுது."

"ஹலீமா மாடி எது?"

ரிஹாப் காட்டினாள். அங்கேயும் ஏதோ வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"அதுல இந்த மேடு இருக்கா?"

ரிஹாப் தொட்டுப் பார்த்தாள். "இருக்கும்மா. ஆனா சின்னது."

ஸகியா நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இன்று சல்லடைச் சத்தம் எதிர் மாடி வரைக்கும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கக் கேட்கிறது.