கண்டென்சர் மைக்கில் விழுந்த பேச்சு

தம்பி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவியை மாடி வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

பாடிப் பார்க்கக் கொடுத்த இரண்டு மைக்கில் வேண்டாததை எடுத்துப்போக மைக் கடைக்காரர் ஐந்து மணிக்கு வருவார். உன் இரண்டு பதிவையும் கேட்டேன். கண்டென்சர் மைக்கில் கிட்டார் கம்பி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது. கூடவே மின்விசிறியும் தெருவும் கேட்கின்றன. விலை குறைந்த டைனமிக் மைக்கில் வாயை ஒட்டிப் பாடினால் குரல் மட்டும் நிற்கிறது. கிட்டாரைப் பிறகு தனியாகப் பதிந்துகொள். இந்த வீட்டுக்கு அதுவே போதும். மற்றதைத் திருப்பிக் கொடு.

"உன் குரலுக்கு எந்த மைக்கும் ஒண்ணுதான்" என்று நேற்று நான் சொன்னதும் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா

பி.கு.: கண்டென்சர் பதிவைக் கடைசி வரை ஓடவிடு. நீ பாடி முடித்ததும் சமையலறையிலிருந்து நான் அம்மாவிடம் போனில், "நல்லாத்தான் பாடுறான்மா. சொன்னா தலைகால் புரியாம ஆடுவான்" என்கிறேன். கேட்டுவிட்டு அழித்துவிடு.