நீல ஸ்கேலில் விழுந்த வெள்ளைக் கோடு

இது யார் கையில் கிடைத்தாலும் அம்மாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா, உன் நீல ஸ்கேல் வளைந்துவிட்டது. உடையவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. சாயங்காலம் டியூஷன் முடிந்து வாய்க்கால் கரையில் வந்தேன். எதிரே வந்த அறுவடை மெஷினுக்கு ஒதுங்கும்போது சைக்கிளோடு சரிந்துவிட்டேன். ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. புத்தகப் பை எனக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் இப்படி வெளுத்தால் உள்ளே கிழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நீ சொன்னதுதான். லீவில் வந்தபோது உன் ஆராய்ச்சிப் படங்களைக் காட்டினாய். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை மெஷினில் பூட்டிக் கொஞ்சம் இழுத்து ஒரு எக்ஸ்ரே, இன்னும் இழுத்து ஒரு எக்ஸ்ரே. வெளியே வழவழப்பு, உள்ளே மணல் தூவியதுபோல் ஓட்டைகள்.

"ஓட்டை பிளாஸ்டிக்கப் பாக்கவா அவ்ளோ தூரம் போன? நம்ம வீட்டு பக்கெட்டு போதாதா?" என்றார் அப்பா.

"பக்கெட்டு ஒழுகுனாத்தாம்ப்பா உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியணும்."

இழுத்து முடித்த பிறகு கழற்றிவைத்து நிதானமாகப் படம் எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். "விட்டுட்டா சின்ன ஓட்டையெல்லாம் மூடிக்கும்டி, லூசு. ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். இழுபடுறப்பவே பாக்கணும்."

இவ்வளவு தெரிந்த நீ ஏன் அக்கா அப்படிச் செய்தாய்? ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் உன் ஸ்கூட்டி வழுக்கியது. அது நம் நெல். அப்பா மனசு உடைந்துவிடும் என்றுதான் வலியை மறைத்தாய். "ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தாய். அம்மா கை காலெல்லாம் புரட்டிப் பார்த்து, "நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்ல" என்று தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் கொல்லையில் சுருண்டு விழுந்தாய். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நீ உயிரோடு இல்லை.

பட்டைக்கெல்லாம் படம் எடுத்தவளுக்கு ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா இன்னமும் அடுப்படியில் தனியாகப் பேசுகிறாள். "ஒரு கீறல்கூட இல்லியே." அதனால்தான் அவளிடம் சொல்ல எனக்குப் பயம். சாப்பிடும்போது, "ஏண்டி ஒருமாதிரி இருக்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் வார்த்தை, உன் குரல். அவள் பார்த்துக்கொண்டிருந்தவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். நானும் மூடிக்கொண்டேன் அக்கா.

இப்போது வலி இடது தோள்வரை ஏறுகிறது. ஸ்கேலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். நீ சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். இழுபடும்போதே. இழுபடும்

கதவைத் தட்டுகிறார்கள்.

"லைட்டு எரியுதே, தூங்கலையாடி? தொற கதவ."

அம்மாதான். சொல்லப்போகிறேன் அக்கா. வலிக்கும்போதே