தண்டவாளத்துக்குக் கீழே ஒரு குடித்தனம்

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று ராகேஷ் என்பவனைப் பூரிக்கட்டையால் அடித்தேன். முழங்காலில் ஒன்று, முதுகில் ரெண்டு. ஏணிமேல் நின்றிருந்தான், அதனால் வாகாக இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து என் சமையலறைக் கூரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வது? வீட்டு ஓனர் சேஷகிரி அனுப்பிய ஆளாம்.

தொம்மலூரில் எங்கள் சந்து வீடுகளுக்கு உத்தரமே பழைய தண்டவாளம்தான். கரடிபெட்டா மலை ரயில் எந்தக் காலத்திலோ நின்றுபோனபோது ஏலத்தில் எடுத்துவந்து குறுக்கே போட்டு, மேலே கற்பலகை பரப்பியிருக்கிறார்கள். இப்போது அந்த ரயிலை மறுபடி ஓட்டப் போகிறார்களாம், பழைய தண்டவாளம் வேண்டுமாம். எங்களைக் கிளப்ப சேஷகிரிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

என் புருஷன் சீனுவுக்கு அந்த ரயில் எஞ்சினைப் பழுதுபார்க்கும் பீன்யா ஷெட்டில்தான் வேலை. சாயங்காலம் வந்ததும் சொன்னேன். அடிக்கும் அளவுக்குப் போகணுமா என்று கேட்டான். போகணும்.

மார்ச் 5

ரயில் வேலையின் இன்ஜினியர் சௌம்யா வந்தாள். சின்னப் பெண். என் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, கூரையை போட்டோ எடுத்தாள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயரும் வருஷமும் புடைத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் அதில் ஒட்டடைதான் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்து இருக்கும் தண்டவாளத்தைத்தான் முதல் வளைவில் போடுவார்களாம். எழுத்து இல்லாவிட்டால் அது காயலான் கடைக்குத்தான் என்றாள். அதை எடுத்துவிட்டால் எங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கும் என்று கேட்டேன். எல்லோரும் காலி செய்யச் சம்மதித்துவிட்டதாக ஓனர் சொன்னாராம். நான் சம்மதிக்கவில்லை என்றேன். முகம் வெளுத்துப்போய்க் கிளம்பினாள்.

மார்ச் 7, வெள்ளி

எழுத வரல.

நான் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ராகேஷ் நாலு பேரோடு வந்திருக்கிறான். முட்டுக்கூடக் கொடுக்காமல் சமையலறைத் தண்டவாளத்தை உருவியிருக்கிறார்கள். தடுக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு சரசக்கா மேல் கற்பலகை விழுந்தது. நான் வந்தபோது அரிசி டப்பா கவிழ்ந்து, அரிசியெல்லாம் ரத்தம். அவனுங்க தண்டவாளத்தை வண்டியில் ஏத்திட்டிருந்தானுங்க. அக்காவைத் தூக்கக்கூட ஒருத்தன் இல்ல. ராகேஷ் மேல் பாய்ந்து காதைக் கடித்தேன். வாயில் உப்பாக இருந்தது. ரெண்டு பேர் சேர்ந்து பிய்த்தெடுத்து என்னைச் சுவரில் மோதினார்கள்.

மார்ச் 8

சரசக்காவுக்கு வலது தோள் நொறுங்கிப்போயிருக்கிறது. அந்தக் கை இனி மேலே எழும்பாதாம்.

மார்ச் 10

பூட்டு உடையவில்லை. இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. ரெண்டு சாவியில் ஒன்று என்னிடம் இருந்தது, இன்னொன்று சீனுவிடம்.

சீனுவைக் கேட்டேன். சாவியைத் தான்தான் கொடுத்ததாக ஒத்துக்கொண்டான். ரயில்காரர்களைத் தனக்குத் தெரியும், ரயில் ஓட ஆரம்பித்ததும் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன் வேலை வாங்கித் தருவதாக சேஷகிரி சொன்னாராம். "வேற வீடு பாத்துக்கலாம்டி. அந்த எஞ்சின நானே பிரிச்சு நானே மாட்டினேன். அது மலை ஏறும்போது நான் கீழ நின்னு பாக்கணுமா?"

குக்கர் மூடியால் வாயிலேயே அடித்தேன். அவன் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். வயிற்றில் உதைத்தான். மறுபடி அடித்தேன். அவனுக்கு ஒரு பல் விழுந்தது. அவன வெட்டிப் போட்டுடலாம்னு தோணுச்சு. நிஜமாத் தோணுச்சு. அரிவாள்மணை எங்கே என்றுகூடப் பார்த்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டான். சட்டை போடாமலே வெளியே போனான்.

மார்ச் 12

லீவு சொன்னேன். சீனு வீட்டில் விட்டுப்போன இரும்பு தேய்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மிச்சமிருந்த தண்டவாளத்தில் ஒவ்வொரு எழுத்தாக வழித்தேன். பொறி கழுத்தில் விழுந்து கொப்புளம். காலையில் என் வீடு, மத்தியானம் சரசக்கா வீடு. பிறகு சந்தில் இருக்கிறவர்கள் தாங்களாகவே கதவைத் திறந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 15

சௌம்யா வந்து அண்ணாந்து பார்த்தாள். பளாரென்று என்னை அறைந்தாள். காது ஙொய் என்றது. நானும் ஒன்று விட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நூறு வருஷத்துக்கு மேல் இருந்த எழுத்து என்று அழுதாள். பெயர்ந்து கிடந்த சமையலறையைக் காட்டி, சரசக்காவின் தோளைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. எங்களிடம் உருவிய தண்டவாளம் ஏற்கனவே யார்டில் வந்து இறங்கிவிட்டதாம். அதையும் போடமாட்டேன் என்றாள். மீதி எல்லாம் இனி வெறும் இரும்பு, வேண்டாம் என்று சேஷகிரிக்கு என் எதிரிலேயே போன் செய்தாள்.

ஏப்ரல் 2

ராகேஷைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். சேஷகிரியை யாரும் பிடிக்கவில்லை. சமையலறைக்குப் புது இரும்பு உத்தரம் போட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 20, ஞாயிறு

வேறு ஊரிலிருந்து தண்டவாளம் வாங்கி, கரடிபெட்டாவில் ரயில் விட்டுவிட்டார்கள். டிவியில் காட்டினார்கள். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன் சீனு. பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தான்.

சரசக்காவும் பார்த்தாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள், நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். "அன்னைக்கு அவன் வீட்ல இருந்திருந்தா கல்லு அவன் மேல விழுந்திருக்கும். நல்லவேளை, புள்ள தப்பிச்சான்" என்றாள். தெருவெல்லாம் வேறென்னவோ பேசியும், இதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன். சாவி கொடுத்தது அவன்தான் என்று.

வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினாள்.

"வந்தான்னா என்கிட்ட அனுப்பு ரூபி. இடது கை எனக்கு நல்லாத்தான் இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.