ரஸ்ஸல் கண்டுபிடித்த அலை

மே 14, செவ்வாய்

நாங்கள் வாடகைக்கு விடும் கடலோரக் குடிசைக்கு ஆள் வந்தாயிற்று. பெயர் ரஸ்ஸல். சட்டை இரண்டு, அலையேறும் பலகை மூன்று. தீவு தீவாகப் போய், அலையேறி, இணையத்தில் எழுதுகிற பலாங்கி. இந்த வெள்ளைக்காரர்களுக்கு ஊரில் வேலையே இருக்காதா?

ராத்திரிச் சாப்பாட்டில், "யாருமே கால் வைக்காத இடமா வேணும், யுதிதா" என்றார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஆக்டோபஸை மூன்றாம் முறை போட்டுக்கொண்டே. அதைப் பிடித்தவள் எங்கே கால் வைத்துப் பிடித்தாள் என்று நினைத்தாரோ.

மே 16, வியாழன்

நல்ல அலை எங்கே என்று குடைகிறார். வீட்டுக்கு எதிரே இருக்கும் குட்டி அலையைக் காட்டினேன். முகம் விழுந்துவிட்டது. விழட்டும்.

பவளத்திட்டுக்கு அந்தப்பக்கம் உள்ளதைக் காட்ட மாட்டேன். பக்கத்து ஊர் அலையைப் பற்றி இப்படித்தான் ஒருத்தர் எழுதினார். இப்போது அங்கே ஹோட்டல், கயிறு கட்டிய கடல். என் சித்தி மகள் செலெபா, பிறந்த ஊர்த் திட்டில் ஆக்டோபஸ் பிடிக்க விசில் வைத்திருக்கும் காவலாளியிடம் அனுமதி கேட்கிறாள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கேதானே எழுத முடியும். எப்போதோ ஒரு விருந்தாளி உடைத்துப் போட்டுவிட்டுப் போன பலகையை ஒட்டவைத்து எடுத்துக்கொண்டு, விடியும் முன் அங்கே போவது நான்தான். நாற்பத்தொரு வயதில். அங்கே ஒருத்தரும் "யுதிதா, டீ எங்க, துண்டு எங்க" என்று கூப்பிட மாட்டார்கள். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மே 18, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

என் தம்பி பெனி அவரைப் படகில் அங்கேயே கூட்டிப் போயிருக்கிறான். கண்ணில் புதுக் கறுப்புக் கண்ணாடி!

"ஒரு கண்ணாடிக்கு வித்துட்டியாடா?"

"விக்கலக்கா. மீன் பிடிக்கப் போனேன், அந்தாளும் தொத்திக்கிட்டாரு. கண்ணாடி அவரா குடுத்தது."

"அலையோட பேரையும் சொல்லிட்டியா?"

"கேட்டாரு. தூண்டில் சிக்கிக்கிச்சு, அதை எடுத்துட்டிருந்தேன். 'தாயிலோ'ன்னேன்."

தாயிலோ. 'யாருக்குத் தெரியும்' என்று நாங்கள் கையை விரிக்கிற சொல். பெனியிடம் எதைக் கேட்டாலும் வருகிற முதல் பதில்.

"ஏன், உனக்குப் பேரு தெரியாதா?"

"தெரியும்க்கா. தூண்டில் சிக்கியிருந்துச்சுல்ல."

சோம்பேறி. வேறென்ன சொல்ல.

மே 19, ஞாயிறு

அலை இந்த வருஷத்திலேயே அழகாக எழுந்தது. ஞாயிறாச்சே, எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. வெள்ளை உடுப்பில் நாங்கள் எல்லாரும் தேவாலயத்துக்குப் போக, ரஸ்ஸல் பலகையைக் கட்டிப்பிடித்தபடி கரையில் உட்கார்ந்திருந்தார். போதகர் பேராசையைப் பற்றி நீட்டி முழக்கினார். நான் குனிந்தே இருந்தேன். எனக்குந்தானே அந்தப் பிரசங்கம்.

மே 21, செவ்வாய்

எழுதியதை வாசித்துக் காட்டினார். அலைக்குப் பெயர் 'டைலோ'வாம்! தீவின் ஆதிமொழியில் 'எல்லையற்றது' என்று பொருளாம்! பெயரைச் சொல்லும்போது மீனவர் இரண்டு கைகளையும் அடிவானத்தை நோக்கி விரித்தாராம், கண்கள் கலங்கியிருந்தனவாம்.

பெனி இருமிக்கொண்டே வெளியே ஓடிவிட்டான்.

"ஊர் பேரைப் போட மாட்டேன். அலையோட பேரு மட்டும்தான். தேடத் தெரிஞ்சவன் தேடி வரட்டும்" என்றார், பெரிய உபகாரம் செய்வது மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "அர்த்தம் சரிதானே?"

தொண்டை வரை வந்துவிட்டது. திருத்தினால் உண்மையான பெயரைக் கேட்பார். அந்தப் பெயர் கிடைத்தால் தீவில் எந்தப் படகுக்காரனும் யாரையும் நேரே இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

"பெனி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கட்டுரை வந்துவிட்டது. பெனி போனில் காட்டினான். நானும் இருக்கிறேன், துண்டு மடிக்கிற படத்தில். 'கடலருகே வாழ்ந்தும் அலையேற அறியாத எளிய பெண்.'

அடப்பாவி! மூணு வேளையும் ஆக்கிப் போட்டேனே உனக்கு.

ஆகஸ்ட் 29, வியாழன்

டாக்சி ஓட்டும் ஃபெரெட்டி வந்து, உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்தான். விமான நிலையத்தில் பலகையோடு நாலு பேராம்.

"டைலோ எங்க இருக்குன்னு கேட்டாங்க. தாயிலோன்னேன். ஆமா, டைலோதான், எங்கன்னாங்க. அதான் சொல்றேனே, தாயிலோ! ஒருத்தன் அழுற மாதிரி ஆயிட்டான், யுதிதா."

கடைசியில் பக்கத்து ஊர் ஹோட்டலில் இறக்கிவிட்டானாம்.

செப்டம்பர் 14, சனி

தேவாலயப் பாடற்குழுவோடு பேருந்தில் போனோம். ஹோட்டல்காரர்கள் வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள்: 'டைலோ, இந்தப் பக்கம்'. அம்புக்குறி வேறு. 'யாருக்குத் தெரியும், இந்தப் பக்கம்!' சிரிப்பில் இரண்டு வரி பாட்டு போனது. வழியில் ஏறிய செலெபா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் கடலில் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. எனக்கும் அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

பெனிக்கு ஹோட்டல் படகில் வேலை. 'டைலோ' பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகிறான், கறுப்புக் கண்ணாடியோடு. காவலாளியிடம் பேசி, காலையில் செலெபா அனுமதி கேட்காமலே திட்டில் இறங்க வழி பண்ணியிருக்கிறான். இவனா?

நான் விடியலில் போய்விட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"நேத்து ஒரு பொண்ணு கேட்டுச்சுக்கா. திட்டுக்கு அந்தப்பக்கம் வேற அலை இருக்கான்னு."

கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "நீ என்னடா சொன்ன?"

கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு கைகளையும் அடிவானத்தை நோக்கி மெல்ல விரித்துக் காட்டினான்.

அலை இன்று நன்றாக இருந்தது. நான் மட்டும்தான்.