காலை ஆறு மணிக்குக் காணாமல் போகிறவை

செப்டம்பர் 3, செவ்வாய்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இந்த வீட்டில் கணக்கு நோட்டை யாரும் தானாகத் திறக்க மாட்டார்கள்.

இன்று காலையும் காணவில்லை. பள்ளிக்கூட சர்வரில் இருந்தவை எல்லாம் — தட்டச்சுப் பயிற்சி, படம் வரைவது, கிரகங்கள் சுற்றுகிற பாடம் — மொத்தம் இருநூற்றுப் பதினொரு மென்பொருள். லேபில் முப்பது கணினிகள் இருந்தாலும் முப்பதும் வெறும் கண்ணாடிதான். எல்லாம் சர்வர் அறையில் இருக்கிற ஒரே பெட்டியிலிருந்துதான் வரும். அதில் இல்லையென்றால் யாருக்கும் இல்லை.

நேற்றுதான் முதலில் தெரிந்தது. சனிக்கிழமை மாலை எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து சித்தி இருட்டும்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். இன்று காலை போய்ப் பார்த்தால் மறுபடி துடைத்துவிட்டமாதிரி இருக்கிறது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் பள்ளியின் கணினி டீச்சர். நான்கு வருடமாகத் தற்காலிகம். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார். செய்முறைத் தேர்வைப் பார்த்துவிட்டு, சித்தியை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று எழுதிக்கொண்டு போவார். லேபே இல்லாமல் என்ன செய்முறை?

இப்போது இரண்டடி தள்ளி அடுத்த கட்டிலில் தூங்குகிறாள். தூக்கத்தில் “யாரு, யாரு” என்கிறாள்.

நான்தான், சித்தி.

எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா? வேண்டாம். அடித்தால் அடித்தது தெரியும்.

செப்டம்பர் 4, புதன்

சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சித்தி ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது சர்வரைத் தன் பெயரிலேயே திறந்து வைத்துவிட்டு, “பிரிண்டர்ல பேப்பர் மட்டும் போட்டு வை. வேற எதையும் தொடாத” என்றாள். சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சர்வரில் தவளை குளம் தாண்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியல் எல்லாக் கணினியிலும் தெரியும். முதலிடம் என் வகுப்பு முன் பெஞ்ச்காரிக்கு. தன் பெயர் போட வேண்டிய இடத்தில் அவள் போட்டிருந்தது: ‘ஆந்தைக்கண்ணிக்கு வராது’. ஆந்தைக்கண்ணி நான். கண்ணாடி போட்டிருக்கிறேன் இல்லையா. மூன்று வாரம் ஆடிப் பார்த்தேன், நிஜமாகவே வரவில்லை. அந்த வரியை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனவே தவளையையே நீக்கினேன்.

கணினி என்னவோ நீளமாகச் சொன்னது. கடைசியில் ‘தொடரலாமா?’ என்றது. ஆம் என்றேன். அதையெல்லாம் யார் படிப்பார்கள்?

ஆனால் தவளை ஒன்றுதானே! மற்ற எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். தவளை கோபித்துக்கொண்டு போய் மற்றவர்களையும் ஆள் விட்டுக் கூப்பிட்டுக்கொண்டதா?

அலுவலகத்தில் சித்தி புகார் கொடுக்கப் போனாள். கிளார்க் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். காணாமல் போன பொருளின் நிறம், எடை, வாங்கிய தேதி. எடை என்ற இடத்தில் சித்தி ‘இல்லை’ என்று எழுதினாள்.

“எடையே இல்லாதது எப்படிம்மா காணாமப் போகும்? ஏதாவது ஒரு எடை போடுங்க, நான் வாங்கிக்கிறேன்.”

சித்தி முந்நூறு கிராம் என்று போட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஹெச்.எம். சர்வர் அறைக்குப் பெரிய பூட்டு வாங்கிப் பூட்டினார். பூட்டின் மேல் காகிதம் ஒட்டி, காகிதத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, கையெழுத்தின் மேல் முத்திரை குத்தினார். “இப்ப எப்படிப் போவுதுன்னு பாத்துர்றேன்.”

செப்டம்பர் 6, வெள்ளி

போய்விட்டது. முத்திரை அப்படியே இருக்கிறது. ஹெச்.எம். தன் கையெழுத்தையே சந்தேகமாகப் பார்த்தார்.

செப்டம்பர் 7, சனி

நகலெடுப்பது சனிக்கிழமை சனிக்கிழமை தானாக நடக்கும். அதைச் சித்தி நிறுத்தி வைத்துவிட்டாள். வெறும் பெட்டியை நகலெடுத்தால் பழைய நகலும் போய்விடும். இருப்பது அது ஒன்றுதான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

அம்மா கேட்டாள், “ஏன்டி ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கல?” சித்தி “பரீட்சை டென்ஷன்” என்றாள். நானும் அதையே சொன்னேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை சித்தி மறுபடி எல்லாவற்றையும் போட்டாள். நேற்றிரவு பி.டி. சாரைக் காவலுக்குப் போட்டார்கள். பாய், தலையணை, விசிலோடு சர்வர் அறை வாசலில் படுத்திருக்கிறார். கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. சரியாகக் காலை ஆறு மணிக்கு உள்ளே ஒரு காற்றாடி வேகமாகச் சுற்றி, பச்சை விளக்குகள் படபடவென்று அடித்துக்கொண்டனவாம். சார் ஊதிய விசிலில் எதிர்வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். உள்ளே ஒருத்தரும் இல்லை. மென்பொருளும் இல்லை.

ஹெச்.எம். நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: “தினம் ஆறு மணிக்குத்தானே போவுது? அப்ப அந்த மெஷினுக்கு ஆறு மணியே தெரியக் கூடாது. கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் பின்னால தள்ளி வைங்க.”

“சார், அதனால என்ன சார் ஆகும்?”

“திருடன் வர்றப்ப அது நாலு மணின்னு நினைச்சுட்டு இருக்கும். ஏமாந்துருவான்.”

யார் ஏமாறுவார், எதில் ஏமாறுவார் என்று யாரும் கேட்கவில்லை. சித்தி தள்ளி வைத்துவிட்டு வந்தாள். முகத்தில் களையே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டால்? அதுகூடப் பரவாயில்லை — சித்தி என்னோடு பேசாமல் போய்விட்டால்?

செப்டம்பர் 10, செவ்வாய்

பள்ளிக்கூட மணியும் சர்வரில்தான் இணைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

காலை ஆறுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெச்.எம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எட்டு மணிக்குக் காலைக் கூட்டத்தில் “மூளை இருந்தா எதையும் ஜெயிக்கலாம்” என்று பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பி.டி. சாரின் விசில். இருநூற்றுப் பதினொன்றும் போயே போச்சு.

அதற்குமேல்தான் வேடிக்கை. முதல் மணி பத்தரைக்கு அடித்தது. சாப்பாட்டு மணி இரண்டரைக்கு. மணி அடிக்காமல் விட முடியாது என்று ஹெச்.எம். பிடிவாதம். ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் பசியில் அழுதார்கள். வீட்டு மணி மாலை ஆறு மணிக்கு. வாசலில் பெற்றோர் கூட்டம். கையால் அடிக்கிற பழைய மணி ஒன்று இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டது, தொடக்கூடாது என்றார் கிளார்க் அம்மா.

அந்தக் கூட்டத்தில் பி.டி. சார் சித்தியிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா ஒண்ணு. எடுக்குறவன் நம்ம கடிகாரத்தப் பாக்கல. அதோட கடிகாரத்தத்தான் பாக்குறான். வெளிய இருந்து வர்றவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆள் உள்ளயே இருக்கான்.”

சித்தி நேராக உள்ளே போய்க் கடிகாரத்தைப் பழையபடி திருப்பி வைத்தாள். நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

உள்ளேயே இருக்கிறான்.

செப்டம்பர் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

சித்தியின் தடிப்புத்தகத்தைக் குளியலறைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

சர்வரில் ‘பள்ளி முழுத் தொகுப்பு’ என்று ஒன்று இருந்தது. அதற்குள் எதுவும் கிடையாது, அது வெறும் பட்டியல். அதை ஒருமுறை போட்டால் பட்டியலில் உள்ள எல்லாம் தானாக வரும், தவளை உட்பட. தவளையை எடுத்தால் பட்டியல் அரைகுறை. அரைகுறைப் பட்டியலைக் கணினி வைத்துக்கொள்ளாது. அதையும் சேர்த்து நீக்கிவிடும். அன்றைக்கு நீளமாகச் சொன்னது இதைத்தான். மீதி இருநூற்றுப் பதினொன்றும் சிபாரிசில் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி. சிபாரிசு செய்தவர் போய்விட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு துப்புரவு வேலை தானாக நடக்கிறது. அது ஒவ்வொருவராகக் கேட்கிறது: உன்னை யார் கூப்பிட்டது? பதில் இல்லை. வெளியே போ.

சித்தி திரும்பப் போடுகிற நகல், நான் தவளையை நீக்கின பிறகு எடுத்தது. அதில் எல்லோரும் இருக்கிறார்கள். பட்டியல் மட்டும் இல்லை. நூறு தடவை போட்டாலும் நூறு தடவை போகும்.

சித்தி இதைக் கண்டுபிடிக்காதது ஏன் தெரியுமா? தெரியாமல் இல்லை, தேட நேரம்தான் இல்லை. பகலெல்லாம் படிவம் நிரப்புகிறாள், மாலையெல்லாம் திரும்பப் போடுகிறாள்.

நாளை சொல்லிவிடுவேன். நாளை மறுநாள் அதிகாரி.

செப்டம்பர் 12, வியாழன்

முதலில் ஹெச்.எம்.மிடம் போனேன். சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, அதுதான் காரணம்.

“சார், அது நான்தான் சார்.”

“எது?”

“சர்வர். நான்தான் தவளையை நீக்கினேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தவளையா? இல்லம்மா, எலி. எலின்னு முடிவு பண்ணி ஃபைலை மூடியாச்சு. ஒயரைக் கடிச்சிருக்கு.”

“ஒயர் நல்லா இருக்கே சார்.”

“ரொம்பக் கடிக்கல.”

பக்கத்தில் கிளார்க் அம்மா பேனாவைத் திறந்தார். “நல்ல நேரத்துல வந்த. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். நீதான் சனிக்கிழமை லேப்ல இருந்தியாமே. எலி என்ன நிறம்? எத்தனை கிராம் இருக்கும்?”

“நான் எலியப் பாக்கல மேடம்.”

“உங்க சித்தி வேலை இருக்கணுமா வேண்டாமா? எலின்னா யார் மேலயும் தப்பு இல்ல. யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

வெளியே வந்து நடைபாதைக் குழாயில் முகம் கழுவினேன். ஒரு நிமிஷம் — நிஜமாகவே — சாம்பல் நிறம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் சொன்னேன். நின்றபடியே, ஒரே மூச்சில், தவளை, பட்டியல், முன் பெஞ்ச்காரி எழுதியது வரைக்கும். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“தவளைக்காகவா?” என்றாள்.

“ஆமா சித்தி.”

“பத்து நாளா பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு...” செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எட்டரைக்குத் திரும்பினாள். எல்லாவற்றையும் போட்டு, இருநூற்றுப் பதினொன்றையும் ‘இவை நான் கேட்டுப் போட்டவை’ என்று ஒரே வரியில் குறித்துவிட்டாளாம். அம்மாவிடம்தான் சொன்னாள். என்னிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் தூங்குகிறாள். தூங்குகிறாளா?

செப்டம்பர் 13, வெள்ளி

காலை ஆறுக்கு எதுவும் போகவில்லை.

அதிகாரி ஒரு அம்மா. குட்டையானவர், சத்தமே போடாதவர். எங்கள் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு நன்றாக நடந்தது. பிறகு லேபிலேயே, எங்கள் எல்லோர் முன்னாலும், ஹெச்.எம். பெருமையாக எலி ஃபைலை நீட்டினார். அதிகாரி மூன்று தடவை படித்தார்.

“இந்த எலி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவா? முத்திரை வெச்ச அறைக்குள்ள எப்படிப் போச்சு?”

“சின்ன எலிங்க மேடம்,” என்றார் ஹெச்.எம்.

அதிகாரி சித்தியைப் பார்த்தார். சித்தி சொன்னாள்: “எலி இல்லைங்க மேடம். என் பேர்ல திறந்து வெச்சுட்டு எழுந்து போனேன். அதுதான் காரணம். தப்பு என்னோடது.”

அவ்வளவுதான் சொன்னாள். என் பெயர் வரவே இல்லை. யார் எப்போது என்ன செய்தார் என்று சர்வர் எழுதி வைக்கிற பதிவேட்டிலும் சித்தியின் பெயர்தான் இருக்கும்; அவள் பெயரில்தானே செய்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கால் தானாக எழுந்துகொண்டது. “மேடம், அவங்க இல்ல, நான். தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.” குரல் கிரீச்சென்று வந்தது. முன் பெஞ்ச்காரி வாயைப் பிளந்தாள். ஏன் நீக்கினேன் என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். முன் பெஞ்ச்காரி வாயை மூடினாள்.

“அப்ப எலி?” என்றார் ஹெச்.எம். பாவமாக.

கிளார்க் அம்மா சொன்னார்: “நூத்தி இருபது கிராம்னு பதிஞ்சாச்சே சார். இனி எப்படி எடுக்கறது?”

செப்டம்பர் 16, திங்கள்

சித்தி இன்னும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகக் கேட்கிறாள்.

செப்டம்பர் 30, திங்கள்

கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருடம் தற்காலிகம். அடுத்த செப்டம்பரில் மறுபடி பார்ப்பார்களாம். ‘உண்மையை மறைக்காதது குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு ஒரு மாதம் லேபுக்குள் தனியாக நுழையத் தடை. சித்தி கடிதத்தை இரண்டாக மடித்து அலமாரியில் வைத்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அதிகாரியின் இன்னொரு உத்தரவு: சர்வரில் யாரும் அடுத்தவர் பெயரில் வேலை செய்யக் கூடாது, ஆளுக்கொரு பெயர் வேண்டும். இன்று மதியம் சித்தி என் வகுப்பு வாசலில் வந்து நின்று, “ஏய், இங்க வா” என்றாள். பதினெட்டு நாளில் முதல் வார்த்தை. லேபில் தன் பக்கத்தில் உட்காரவைத்து எனக்கென்று ஒரு கணக்குத் திறந்துகொடுத்தாள். அதில் எதையும் நீக்க முடியாது, போட முடியாது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

“இனிமே நீ என்ன செஞ்சாலும் உன் பேர்தான் வரும். புரியுதா?”

“புரியுது சித்தி.”

“ஸ்கூல்ல டீச்சர்.”

“புரியுது டீச்சர்.”

பிறகு பதிவேட்டைத் திறந்து காட்டினாள். கடைசி இரண்டு வரிகள் என்னுடையவை. 1:10, என் பெயர், உள்ளே வந்தார். 1:14, என் பெயர், வெளியே சென்றார். நடுவில் ஒன்றும் இல்லை, நான் எதையும் தொடவில்லை. சித்தி அந்த இரண்டு வரிகளையும் அச்செடுத்து என் கையில் கொடுத்தாள்.