மரத்துப்போனால் போதும், மயங்க வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு இடுப்பு வலி குறைந்ததா? போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். போன தடவையும் அப்படித்தான் பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

"இருக்கிற மூஞ்சி போதாதா? அழகுக்காக யாராவது உசிரைப் பணயம் வைப்பாங்களா?" என்று கேட்டாய். அழகு ராணியாகும் ஆசையெல்லாம் எனக்கில்லை. சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு மேலுதட்டை எப்படி இழுத்துப் பிடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். சிரித்தால் வாய் கோணும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் வேலையில் சேர்ந்ததே, குரல் மட்டும் வெளியே போனால் போதும் என்றுதான். போன மாதம் என் மகள் பழைய படங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா எல்லாத்துலயும் வாயைப் பொத்திக்கிட்டே நிக்கிறே? பல்வலியா?" என்றாள். சிரித்து மழுப்பினேன், வாயைப் பொத்திக்கொண்டு.

தழும்பைச் சரிசெய்யும் டாக்டர் வேறு, மயக்கம் கொடுக்கும் டாக்டர் வேறாம். மயக்க டாக்டர் ஒரு அம்மாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். கன்னத்தையும் மேலுதட்டையும் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம்; விழித்தே இருப்பேன். கூடவே கையில் மருந்து ஏற்றி அரைத்தூக்கத்தில் வைக்கலாம். இல்லாவிட்டால் மயக்க வாயு கொடுத்து முழுசாகத் தூங்க வைக்கலாம். கத்திரிச் சத்தம் காதில் விழவே கூடாது என்று நான் மூன்றாவதைக் கேட்டேன்.

அப்போதுதான், "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை என்றேன். எதனால் என்றார். மாரடைப்பு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதற்குமேல் தெரியாது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "கூட யாரு இருந்தாங்க? அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எதையும் தொடமாட்டேன்."

கூட இருந்தவள் நீதான், அக்கா. அந்த நாளைப் பற்றி நீ பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முடிந்தால் சொல்.

உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்தாயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சை விட்டுவிட்டு மீதியைப் படி.

என் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று போனில் நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மயக்க டாக்டரிடம் சொன்னேன். கத்தி வைப்பதற்கு முன்பே அப்பாவின் தாடை இறுகியது, உடம்பு அடுப்பாகக் கொதித்தது, நர்சுகள் ஐஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாவற்றையும். சில உடம்புக்குச் சில மயக்க வாயுக்கள் ஆகவே ஆகாதாம். அது குடும்பத்தில் தொடருமாம். இத்தனை வருடம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கும் இருக்கலாம் என்று வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றார். நான் கேட்ட முழுத் தூக்கத்தை அவர் யோசிக்காமல் கொடுத்திருந்தால்?

"வரமாட்டேன்னவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன்" என்று நீ விம்மியதையும் சொன்னேன். அதற்கு அவர், "அப்பாவுக்கே தெரியாத ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதா சொல்லுங்க, அவங்க மேல தப்பே இல்ல" என்றார். சொல்லிவிட்டேன். இந்த வரியை இன்னொரு தடவை படி.

கன்னத்தை மரக்கச் செய்யும் ஊசியால் எனக்கு அந்த ஆபத்து இல்லையாம். அது மட்டும் போட்டார்கள். முதலில் சுரீரென்றது, பிறகு கன்னம் பக்கத்து வீட்டுக்காரியுடையது மாதிரி ஆகிவிட்டது. கத்திரிச் சத்தம் கேட்டது, பயமும் இருந்தது. அந்த அம்மாள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, என் அறிவிப்பை நம்பி ஒருமுறை அவர் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டியது. "அய்யோ, சிரிக்காதீங்க, தையல் போடறாங்க!" என்று அவரே அதட்டினார்.

தழும்பு இன்னும் சிவந்துதான் இருக்கிறது. மங்க மாதக்கணக்கில் ஆகுமாம். ஆனால் உதடு விடுபட்டுவிட்டது. நேற்று மகள் ஏதோ உளறினாள், வாய்விட்டுச் சிரித்தேன். கை மடியிலேயே கிடந்தது.

போனை வைக்கும் முன் நீ முணுமுணுத்தது என் காதில் விழாமல் இல்லை. பித்தப்பையை எடுக்கச் சொல்லியும் பயந்துகொண்டு, அத்தானுக்கும் தெரியாமல் வலி மாத்திரையில் காலம் தள்ளுகிறாயாமே? அங்குள்ள மயக்க டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொல். ஆகாத வாயுவை விட்டுவிட்டு, கையில் ஏற்றும் மருந்திலேயே முழுசாகத் தூங்க வைக்க வழி இருக்கிறது. மீறி ஏதாவது வந்தாலும் இப்போது மாற்று மருந்து உண்டாம். எங்கள் டாக்டர் எழுதித் தந்ததை இதோடு வைத்திருக்கிறேன். அத்தானிடம் இன்றே காட்டு. ஆபரேஷன் தேதியைச் சொல், போதும், லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.

சின்னவள் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பாய். பரவாயில்லை. அப்பாவுக்குக் கிடைக்காத வயதெல்லாம் உனக்குக் கிடைக்கட்டும்.

உன் தங்கை